சென்ட் பட்டனை மூணு தடவை அழுத்தினவனின் வாக்குமூலம்!

வழக்கமா இந்தப் பக்கத்துல உங்களுக்கு ஏதோ சொல்லிக் கொடுக்கிற மாதிரி பில்டப் கொடுப்பேன். இந்த வாரம் அதெல்லாம் இல்லை. நேரா சரண்டர்!

எங்க காலேஜ் பிளேஸ்மென்ட் செல்லுக்கு ஒரு வெப்சைட் உண்டு. எந்தக் கம்பெனி வருது, என்ன தகுதி, ரெஜிஸ்டர் பண்ணு... அவ்வளவுதான் அதோட வேலை. எழுதினது சீனியர்ஸ். அவங்க பாஸ் அவுட் ஆனதும், 'இந்தப் பையனுக்கு பி.எச்.பி. தெரியுமாம்' என்கிற ஒரே தகுதியில் அது என் தலையில் வந்து விழுந்தது. என்னோட சேர்த்து மூணு கோ-ஆர்டினேட்டர்ஸ்.

ஒரு பூல் கேம்பஸ். பக்கத்து காலேஜ் பசங்களையும் சேர்த்து லிஸ்ட்ல 1,520 பேர். சாயங்காலம் 5 மணிக்கு ரெஜிஸ்ட்ரேஷன் க்ளோஸ். 4 மணிக்குப் பார்த்தா பாதிப் பேர்கூட ரெஜிஸ்டர் பண்ணலை. நம்மாளுங்களைத்தான் தெரியுமே... கடைசி பஸ் கிளம்பும்போதுதான் ஓடி வந்து தொத்துவாங்க. பிளேஸ்மென்ட் சார் கூப்பிட்டு, "ஏம்ப்பா, எல்லாருக்கும் ஒரு ரிமைண்டர் மெயில் தட்டி விட்டுடேன்" என்றார்.

சைட்டுல 'சென்ட் டு ஆல்'னு ஒரு பட்டன் இருந்தது. அதுக்குப் பின்னாடி இருந்த கோடு நான் எழுதினது. லிஸ்ட்டை எடு, ஒவ்வொருத்தரா லூப் ஓட்டு, மெயில் அனுப்பு, முடிஞ்சதும் பச்சைக் கலர்ல 'வெற்றி!'னு காட்டு. பத்து பேரை வெச்சு டெஸ்ட் பண்ணினப்ப இருபது செகண்டுல பச்சை வந்தது. சூப்பர்னு விட்டுட்டேன்.

4.10. அழுத்தினேன். சுத்துது... சுத்துது... ஒரு நிமிஷம் ஆனதும் '504 கேட்வே டைம்-அவுட்'னு வெள்ளைப் பக்கம். மெயில் போகலை போலன்னு மறுபடி அழுத்தினேன். அதே வெள்ளை. இன்னொரு தடவை. அப்புறம் எங்க வாட்ஸ்அப் குரூப்ல, 'எனக்குப் போகலை, நீங்க ட்ரை பண்ணுங்க'ன்னு போட்டேன். மத்த ரெண்டு கோ-ஆர்டினேட்டரும் ஆளுக்கு ஒரு தடவை அழுத்தினாங்க. மொத்தம் அஞ்சு.

அதோட சைட் படுத்துடுச்சு. ஹோம் பேஜ்கூட வரலை.

இதுல உச்சக்கட்டக் காமெடி என்னன்னா, மெயில் போய்க்கிட்டுதான் இருந்தது. 'இன்னும் ஐம்பது நிமிஷம்தான், உடனே ரெஜிஸ்டர் பண்ணு'ன்னு நான் அனுப்பின மெயிலைப் பார்த்து, பசங்க லிங்க்கை க்ளிக் பண்றாங்க. க்ளிக் பண்ணினா சைட் இல்லை! ஏன் இல்லைன்னா, அந்த மெயிலை அனுப்பறதுல அது பிஸி!

4.42-க்கு சர்வருக்குள்ள புகுந்து பி.எச்.பி.யை ரீஸ்டார்ட் பண்ணினேன். சைட் எழுந்தது. அதுக்குள்ள லிஸ்ட்டோட தலைப்பக்கத்துல இருந்தவங்களுக்கு ஒரே மெயில் மூணு மூணு போயிருந்தது. வால் பக்கத்துல இருந்தவங்களுக்கு ஒண்ணுகூடப் போகலை. வால்ல யார்னு கேட்கறீங்களா? ரெகுலர் பசங்க எக்செல் ஷீட்டை முதல்ல ஏத்தி, லேட்டரல் என்ட்ரி ஷீட்டைக் கடைசியா ஏத்தியிருந்தோம். டிப்ளமோ முடிச்சு நேரா செகண்ட் இயர் வந்து சேர்ந்த 64 பேர். அட்டெண்டன்ஸ்ல கடைசி, லேப் பேட்ச்ல கடைசி... இதுலயும் கடைசி.

அப்புறம் சார் கம்பெனிக்கு போன் போட்டுக் கெஞ்சினதுல, ராத்திரி 9 மணி வரைக்கும் பேர் கொடுக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க. ஒவ்வொருத்தருக்கா போன் போட்டோம். ரெண்டு பேர் கிடைக்கவே இல்லை. அதுல ஒருத்தன் என் லேப்-மேட். ஊருக்குப் போற பஸ்ஸுல இருந்திருக்கான், மொபைல்ல சார்ஜ் இல்லை. திங்கட்கிழமை வந்து என்னைத் திட்டுவான்னு பார்த்தேன். "அந்தக் கோடைக் காட்டு"ன்னு மட்டும் சொன்னான். திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணிச்சு.

கோடைப் பார்த்தவன் கேட்டது ஒரே கேள்வி. "ஒரு மெயிலுக்கு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு கணக்குப் போட்டியாடா?"

போடலை. போட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். பத்து மெயிலுக்கு இருபது செகண்ட். அப்போ 1,520 மெயிலுக்கு 3,040 செகண்ட். அதாவது ஐம்பது நிமிஷத்துக்கு மேல! எனக்கு மிச்சம் இருந்ததே ஐம்பது நிமிஷம்.

ஒரு மெயிலுக்கு ஏன் ரெண்டு செகண்ட்? மெயில் அனுப்பறதுன்னா ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடறதுன்னு நாம நினைக்கறோம். உள்ளே நடக்கிறது ஒரு பேச்சுவார்த்தை. நம்ம சர்வர் மெயில் சர்வரோட கதவைத் தட்டணும், ரகசியப் பேச்சுக்கு சாவி மாத்திக்கணும், யூஸர்நேம்-பாஸ்வேர்டு கொடுக்கணும், 'இவர்கிட்ட இருந்து', 'இவருக்கு', 'இதுதான் கடிதம்'னு ஒவ்வொண்ணா சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் பதில் வர்ற வரைக்கும் காத்திருந்து, கடைசியில் விடைபெறணும். எஸ்.எம்.டி.பி.ன்னு இதுக்குப் பேர். 1982-ல ஜான் போஸ்டல் எழுதி வெச்ச வழிமுறைதான் இன்னிக்கும் அடிப்படை. என் லூப் ஒவ்வொரு மெயிலுக்கும் இந்த மொத்தச் சடங்கையும் ஆரம்பத்துல இருந்து செஞ்சிருக்கு.

சரி, மெயில் மெதுவாப் போகட்டும். சைட் ஏன் படுக்கணும்? அதுக்கு நம்ம கேன்டீனுக்கு வாங்க.

கேன்டீன்ல அஞ்சு கவுன்ட்டர். காசு வாங்கி டோக்கன் கொடுக்கிறதுதான் கவுன்ட்டர்காரர் வேலை, பரோட்டா போடறது உள்ளே இருக்கிற மாஸ்டர். இப்போ ஒருத்தன் வந்து 1,520 பரோட்டா கேட்கிறான். கவுன்ட்டர்காரர் டோக்கன் கிழிக்காம, தானே உள்ளே போய் மாவு பிசைய ஆரம்பிச்சா? அந்த கவுன்ட்டர் காலி. இதே மாதிரி அஞ்சு பேர் கேட்டு, அஞ்சு கவுன்ட்டர்காரங்களும் உள்ளே போயிட்டா? வெளியே ஒரு டீக்கு நிக்கிறவனுக்குக்கூட ஆள் இல்லை.

பி.எச்.பி.க்கும் அப்படித்தான். ஒரே நேரத்துல எத்தனை ரிக்வெஸ்ட்டை கவனிக்கலாம்னு ஒரு அளவு உண்டு. பி.எச்.பி.-எஃப்.பி.எம். நிறுவும்போது கூடவே வர்ற செட்டிங்ல அந்த எண் 5. அதை யாருமே மாத்தலை. நாங்க அஞ்சு தடவை அழுத்தினோம். கணக்கு கச்சிதம்!

இன்னொரு கூத்தும் உண்டு. என்னோட ரெண்டாவது, மூணாவது அழுத்தல் மெயில் அனுப்பவே இல்லை. பி.எச்.பி. ஒரு யூஸரோட செஷன் ஃபைலைப் பூட்டி வெச்சுக்கும். முதல் ரிக்வெஸ்ட் முடிஞ்சாதான் பூட்டு திறக்கும். அதனால அந்த ரெண்டும் சும்மா கவுன்ட்டரை அடைச்சுக்கிட்டு நின்னிருக்கு. உண்மையா ஓடினது மூணு லூப். அதான் தலைக்கு மூணு மெயில்.

'பி.எச்.பி.ல 30 செகண்ட் லிமிட் இருக்கே, அது ஏன் லூப்பை நிறுத்தலை?'ன்னு விவரமானவங்க கேட்பீங்க. நானும் கேட்டேன். லினக்ஸ்ல அந்த 30 செகண்ட் ஸ்கிரிப்ட் தானா ஓடற நேரத்துக்கு மட்டும்தான். நெட்வொர்க்ல பதிலுக்காக உட்கார்ந்திருக்கிற நேரம் கணக்குல வராது. என் லூப் பெரும்பாலும் உட்கார்ந்துதான் இருந்தது. முன்னாடி நின்ன என்ஜின்-எக்ஸ் 60 செகண்ட் பொறுத்துப் பார்த்துட்டு எனக்கு 504 காட்டிடுச்சு. உள்ளே லூப் அதைப் பத்திக் கவலைப்படாம ஓடிக்கிட்டே இருந்தது. ஆக, 504-ன்னா 'வேலை நடக்கலை'ன்னு அர்த்தம் இல்லை. 'நடக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாது'ன்னு அர்த்தம். இது தெரியாமதான் மறுபடி மறுபடி அழுத்தினேன்.

இனி, நானும் லேப்-மேட்டும் உட்கார்ந்து மாத்தின கதை.

கவுன்ட்டர்காரர் இனிமே டோக்கன் மட்டும்தான் கிழிப்பார். டேட்டாபேஸ்ல 'வெளியே போக வேண்டிய மெயில்'னு ஒரு டேபிள் போட்டோம். யாருக்கு, எந்த அறிவிப்பு, நிலைமை என்ன, எத்தனை தடவை முயற்சி பண்ணினோம், கடைசியா என்ன பதில் வந்தது... இவ்வளவுதான் காலம்கள். பட்டனை அழுத்தினா ஒரே மூச்சுல 1,520 வரிசைகள் டேபிள்ல விழும். ஒரு செகண்டுகூட ஆகறதில்லை. '1,520 மெயில் வரிசையில் சேர்ந்தது'ன்னு பக்கம் திரும்பி வந்துடும். கவனிங்க... 'வெற்றி'ன்னு போடலை. இன்னும் ஒண்ணுகூடப் போகலையே!

உள்ளே பரோட்டா மாஸ்டர் ஒரு தனி ஸ்கிரிப்ட். வெப்சைட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. கிரான் மூலமா நிமிஷத்துக்கு ஒரு தடவை எழும். 50 வரிசையை எடுக்கும், அனுப்பும், 'போயாச்சு'ன்னு குறிக்கும், தூங்கிடும். 50 மெயிலையும் ஒரே கனெக்‌ஷன்ல அனுப்பும். கதவைத் தட்டி, சாவி மாத்தி, பாஸ்வேர்டு சொல்ற சடங்கு ஒரே தடவைதான். பி.எச்.பி.மெயிலர்ல இதுக்கு ஒரே ஒரு வரி செட்டிங் இருக்கு. நான் அதுவரைக்கும் அந்த வரியைப் பார்த்ததே இல்லை! ரெண்டு செகண்ட் இழுத்த மெயில், எங்க சர்வர்ல அரை செகண்டுக்குள்ள முடிஞ்சது. நிமிஷத்துக்கு 50-ன்னா 1,520-க்கு 31 நிமிஷம். அந்த 31 நிமிஷமும் சைட் பாட்டுக்கு ஓடும்.

முதல் வெர்ஷன்லயே மறுபடி சொதப்பினேன் என்பதையும் சொல்லிடறேன். ஒரு நாள் மெயில் சர்வர் மந்தமா இருந்தது. 50 மெயில் முடிய ஒரு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்குள்ள கிரான் அடுத்த மாஸ்டரை எழுப்பி விட்டுடுச்சு. அவரும் அதே 50-ஐ எடுத்தார். மறுபடி டபுள் மெயில்! லேப்-மேட் தலையில் அடிச்சுக்கிட்டான். அப்புறம் லினக்ஸோட எஃப்-லாக் போட்டு, ஒரு மாஸ்டர் உள்ளே இருந்தா இன்னொருத்தர் நுழைய முடியாதபடி செஞ்சோம். கூடவே, ஒரே அறிவிப்பு ஒரே ஆளுக்கு ரெண்டு வரிசையா விழ முடியாதபடி டேபிள்ல யூனிக் கீ. இனி பட்டனை நூறு தடவை அழுத்தினாலும் 1,520-தான். என்னை மாதிரி ஆளுங்களை நம்பக் கூடாது பாருங்க!

மெயில் போகாம திரும்பினா என்ன பண்றது? இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. மெயில் சர்வர் ஒவ்வொரு தடவையும் ஒரு எண் சொல்லும். 250-ன்னா வாங்கிக்கிட்டேன். 4-ல ஆரம்பிச்சா 'இப்ப முடியாது, அப்புறம் வா'. 5-ல ஆரம்பிச்சா 'முடியவே முடியாது'. 550 பெரும்பாலும் அப்படி ஒரு முகவரியே இல்லைங்கிறது. சில சர்வர்கள் தெரியாத ஆளை முதல் தடவை வேணும்னே 4-ஐச் சொல்லித் திருப்பி அனுப்பும். ஸ்பாம் அனுப்பறவன் திரும்ப வர மாட்டான், நல்லவன் வருவான் என்கிற கணக்கு. அதனால 4-க்கு இடைவெளி விட்டு மறுபடி முயற்சி பண்ணணும். 5-க்கு அத்தோட நிறுத்தணும். நிறுத்தாம இல்லாத முகவரிக்கே தட்டிக்கிட்டு இருந்தா நம்மையும் ஸ்பாம் பட்டியல்ல சேர்த்துடுவாங்க. எங்க லிஸ்ட்ல 'ஜிமெயில்'ங்கிறதை 'ஜிமைல்'னு டைப் பண்ணினவங்களே ஏழு பேர். சொந்த இ-மெயில் ஐ.டி.யைத் தப்பா அடிக்கிறவனுக்கு வேலை வேணுமாம்! (சரி, சரி... நான் பேசக் கூடாது.)

ஒரே ஒரு இடத்துல மட்டும் முழுசா தப்பிக்க வழி இல்லை. மெயில் போயிடுச்சு, 'போயாச்சு'ன்னு குறிக்கறதுக்கு முன்னாடி கரன்ட் கட். இப்போ அந்த வரிசை போனதா, போகலையா? தெரியாது. மறுபடி அனுப்பினா டபுள் ஆகலாம், அனுப்பாம விட்டா ஒருத்தனுக்கு மெயிலே இல்லாம போகலாம். ரெண்டுல ஒண்ணை நீங்கதான் முடிவு பண்ணணும். பிளேஸ்மென்ட் மெயில்னா நான் டபுளுக்குத்தான் ஓட்டு போடுவேன். ரெண்டு மெயில் வந்தவன் சிரிப்பான். வராதவன் என்ன ஆனான்னு பார்த்துட்டேன்.

லேப்-மேட் சேர்க்கச் சொன்ன ரெண்டு காலம் எனக்குத் தோணவே தோணாதவை. ஒண்ணு, காலாவதி நேரம். 5 மணிக்கு முடியற ரெஜிஸ்ட்ரேஷனோட ரிமைண்டர் 5.20-க்குப் போய்ச் சேர்ந்தா அது வெந்த புண்ணில் வேல். நேரம் கடந்த மெயிலை மாஸ்டர் தூக்கிப் போட்டுடணும். இன்னொண்ணு, முன்னுரிமை. வரிசையில் 1,520 நிக்கும்போது ஒருத்தன் பாஸ்வேர்டு மறந்துட்டான்னு வைங்க. அவனோட ரீசெட் மெயில் 1,521-வதா நின்னா அரை மணி நேரம் காத்திருப்பான். அந்த மாதிரி மெயில் எல்லாம் வி.ஐ.பி. தரிசனம், நேரா முன்னாடி!

'இதுக்கு ஏன் இவ்வளவு? எல்லாரையும் பி.சி.சி.யில போட்டு ஒரே மெயில் அனுப்பிடலாமே?'ன்னு கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான். பேரைப் போட்டு அனுப்ப முடியாது, யாருக்குப் போச்சுன்னு தனித்தனியா குறிக்க முடியாது. பதட்டத்துல பி.சி.சி.க்குப் பதிலா 'டூ'வில் ஒட்டிட்டா, 1,520 பேர் முகவரியும் 1,520 பேர் கையில். வேணாம் ராசா!

ஜிமெயில் ஐ.டி.யை வெச்சே மொத்தமா அனுப்பிடலாம்னு நினைக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. சாதா ஜிமெயில் அக்கவுன்ட்டுக்கு ஒரு நாளைக்கு 500 பேர் வரைக்கும்தான். அதுக்கு மேல போனா அக்கவுன்ட்டையே கொஞ்ச நேரம் முடக்கிடுவாங்க. அமேசானோட எஸ்.இ.எஸ்.ல புதுசா சேர்ந்தா, அவங்க ஓகே சொல்ற வரைக்கும் 24 மணி நேரத்துக்கு 200 மெயில், செகண்டுக்கு 1. அதுவும் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். 2024 பிப்ரவரியில் இருந்து கூகுள் இன்னும் ஸ்ட்ரிக்ட். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல அனுப்பறவங்க எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூணும் வெச்சிருக்கணும், விளம்பர மெயிலுக்கு ஒரே க்ளிக்குல விலகுற வசதி கொடுக்கணும். நமக்கு 5,000 வராதுதான். ஆனா காலேஜ் டொமைன்ல இதையெல்லாம் இப்பவே போட்டு வெச்சா மெயில் ஸ்பாம் ஃபோல்டருக்குள்ள போய் விழற வாய்ப்பு குறையும்.

சார் ஒரு தடவை 2 எம்.பி. பி.டி.எஃப். ஒண்ணைக் கொடுத்து 'இதையும் சேர்த்து அனுப்பு' என்றார். 1,520 பேருக்கு அதுவே 3 ஜி.பி. மெயில்ல ஃபைல் போகும்போது எழுத்தா மாத்தித்தான் போகும், மூணு பைட் நாலாகும். ஆக 4 ஜி.பி. பி.டி.எஃப்.பை சைட்ல போட்டு, மெயில்ல லிங்க் மட்டும் அனுப்பினோம்.

லாரவெல் தெரிஞ்சவங்களுக்கு க்யூ வசதி கூடவே வருது. பைத்தான்காரங்களுக்கு செலரி, ரூபிக்கு சைட்கிக். எல்லாத்துக்கும் உள்ளே இதே டோக்கன், இதே மாஸ்டர்தான். ஆனா என் கருத்து, முதல் தடவை ஒரு டேபிளும் கிரானும் வெச்சு நீங்களே எழுதிப் பாருங்க. 1,500 மெயிலுக்கு ரெடிஸ் வரைக்கும் போறது ஆர்வக்கோளாறு. ரெஸ்யூமேல போட்டுக்க வேணும்னா உதவும்!

போன மாசம் அடுத்த கேம்பஸ் வந்தது. மறுபடி ரிமைண்டர். இந்தத் தடவை முந்தின நாளே. அழுத்தறதுக்கு முன்னாடி லேப்-மேட்டைக் கூப்பிட்டு பக்கத்துல உட்கார வெச்சேன். "ஒரே ஒரு சேஞ்ச் பண்ணு மாப்ள. லிஸ்ட்டைக் கீழே இருந்து ஆரம்பி"ன்னான். மாஸ்டர் வரிசை எடுக்கிற வரியில் ஒரே ஒரு வார்த்தையை மாத்தினேன். அழுத்தினேன். பக்கம் உடனே திரும்பிடுச்சு. பெண்டிங் 1,520... ஒரு நிமிஷம் கழிச்சு 1,470... அவன் பாக்கெட்ல மொபைல் 'டிங்'குன்னு சத்தம் போட்டது.

எடுத்துப் பார்த்துட்டு, "சப்ஜெக்ட் லைன்ல ஸ்பெல்லிங் தப்புடா" என்றான்.